800 கிலோ தள்ளுவண்டி: பைப்பைக் கனமாக்கினால் சக்கரம் நிற்குமா?

வாளையாற்றுப் பக்கம் வால்வு, பம்ப் வார்ப்புகளைக் கடைந்து துளையிட்டுக் கொடுக்கும் ஒரு சிறு பணிமனையிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 800 கிலோ வரை ஏற்றுவதற்காக, 1200க்கு 750 மில்லிமீட்டர் அளவில், 50க்கு 50 சதுரப் பைப்பில், 3 மி.மீ. கனத்தில் ஒரு தள்ளுவண்டி செய்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு 250 கிலோ என்று எழுதியிருந்த 4 அங்குல பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சுள்ள) சக்கரங்கள் நான்கு மாட்டியிருக்கிறீர்கள். நான்கும் சேர்ந்து 1000 கிலோ தாங்க வேண்டியது. ஆனால் ஆறே மாதத்தில் ஒன்றின் மேற்பூச்சு உரிந்துவிட்டது, இன்னொன்றின் ஃபோர்க் (சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவை) வளைந்து திரும்ப மறுக்கிறது. அடுத்த வண்டியை 75 மி.மீ. சேனலில் (ஒரு பக்கம் திறந்த இரும்புச் சட்டம்) கனமாகச் செய்தால் நிற்குமா என்பது உங்கள் கேள்வி. ஷட்டர் வாசலில் தரையில் ஒரு காடி (குறுகிய பள்ளம்) இருப்பதையும், அங்கே ஒவ்வொரு முறையும் மூன்று பேர் தள்ளுவதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. எழுதிய எடைக்குள்ளேயே ஏற்றிய வண்டி ஏன் உடைகிறது என்பதையே நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். உடைந்தவை சக்கரங்கள், பைப் அல்ல.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துக் கஞ்சிக்கோட்டில் 27 ஆண்டுகளாக ஃபேப்ரிகேஷனும் பராமரிப்பும் பார்த்து வருகிறேன். மலையாளத்துக்காரர்கள் உந்துவண்டி என்றும் நாம் தள்ளுவண்டி என்றும் சொல்லி, கடைசியில் இரு தரப்பும் டிராலி என்று சமாதானமாகிவிடும் இந்தச் சாமானைப் பலவிதமாகச் செய்திருக்கிறேன். சிலவற்றைத் தவறாகவும் செய்திருக்கிறேன். கையால் தள்ளும் வண்டிகளைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறேன். மோட்டார் வைத்து ஓடும் வண்டிகள் என் அனுபவத்துக்கு வெளியே உள்ளவை.

முதலில் பைப்பைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இது கணக்கால் உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி. சக்கரங்களுக்கு இடையே 1000 மி.மீ. இடைவெளி என்று வையுங்கள். 800 கிலோவும் வண்டியின் நட்டநடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, இரு பக்க நெடும் பைப்புகளும் ஆளுக்கு 400 கிலோவாகப் பகிர்ந்துகொள்ளும் மோசமான நிலையிலும், உங்கள் 50க்கு 50 பைப்பில் எழும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 120 நியூட்டன். நடுவில் தொய்வு சுமார் 2 மி.மீ. ஐ.எஸ். 4923 தரத்துப் பைப்புகளில் மிகக் குறைந்த தரமான ஒய்.எஸ்.டி. 210 கூட 210 நியூட்டன் வரை நிரந்தரமாக வளையாது. ஆக உங்கள் சட்டம் போதுமானது. 75 சேனலுக்கு மாறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடை வரும், இப்போதைய பைப்பில் அது நான்கு கிலோவுக்குச் சற்று மேல். அந்தக் கூடுதல் எடையையும் அதே சக்கரங்கள்தான் சுமக்க வேண்டும். சேனலில் ஒரு நன்மை உண்டு, ஆனால் அது நீங்கள் நினைக்கும் நன்மை அல்ல. மூடிய பைப் முறுக்குக்கு விறைப்பாக நிற்கும், திறந்த சேனல் முறுக்குக்குச் சற்று இளகிக்கொடுக்கும். லாரிச் சட்டங்களைச் சேனலில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேடுபள்ளத்தில் சட்டம் முறுக்கிக்கொடுப்பதால் எல்லாச் சக்கரமும் தரையில் பதியும்.

விறைப்பான நான்கு கால் நாற்காலியைக் கரடான தரையில் போட்டால் அது மூன்று காலில் நின்று நான்காவதைத் தூக்கிக்கொள்ளும் அல்லவா, உங்கள் வண்டியும் அப்படித்தான் நிற்கிறது. ஆகவேதான் சக்கரத் தேர்வுக்கு மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுக்கிறோம். ஏற்றும் எடை 800, வண்டியின் சொந்த எடை சுமார் 100, ஆக 900. மூன்றால் வகுத்தால் 300. 250 கிலோ சக்கரம் அசையாமல் நிற்கும்போதே வரம்பைத் தாண்டிவிட்டது. மூன்று என்பது இயற்கை விதியல்ல, நடைமுறை எச்சரிக்கை. மிக மட்டமான தரையில் அது சற்று மிகை, மோசமான தரையில் அதுவும் போதாது. குறுக்கே இரண்டு சக்கரத்தில் மட்டும் ஒரு கணம் நிற்கும் நிலையும் உண்டு. ஆகையால் அந்த 300ஐ அப்படியே எடுக்காமல், அதிர்ச்சிக்காக ஒன்றரை மடங்காக்கி, 450 கிலோவுக்குக் குறையாத சக்கரமாகப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றரை என்பது என் அனுபவ எண், யாரும் அதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. சக்கரத்தின் மேல் எழுதியிருக்கும் எடைக்குப் பின்னால் வேகம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது: இவ்வகைச் சக்கரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22883 தரம் மணிக்கு 4 கி.மீ. வரையிலான, அதாவது நடை வேகப் பயன்பாட்டுக்கானது. அவசரத்தில் ஃபோர்க்லிஃப்டின் பின்னால் சங்கிலி போட்டு இழுக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், எழுதிய எடைக்கு அந்த நிமிடமே பொருள் போய்விடுகிறது.

இப்போது அந்தக் காடிக்கு வருவோம். அதன் அகலத்தை நீங்கள் சொல்லவில்லை, 60 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 100 மி.மீ. விட்டமுள்ள 4 அங்குலச் சக்கரம் அதில் 10 மி.மீ. இறங்கி உட்காரும். முன் இரு சக்கரங்களும் ஒன்றாக இறங்கினால் அவற்றின் மேல் 450 கிலோ இருக்கிறது. எதிர் விளிம்பில் ஏற்றுவதற்கு அச்சில் கிடைமட்டமாக அந்த எடையில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 340 கிலோ விசை வேண்டும். அதே காடியில் 150 மி.மீ. சக்கரத்துக்குச் சுமார் 200 கிலோவும், 200 மி.மீ. சக்கரத்துக்குச் சுமார் 140 கிலோவும் போதும், ஏனென்றால் பெரிய சக்கரம் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இறங்குகிறது. 340 கிலோ விசையை மூன்று பேர் நின்ற இடத்திலிருந்து கொடுக்க முடியாது. ஆகவே என்ன செய்கிறார்கள்? நான்கடி பின்னால் இழுத்து ஓட்டம் கொடுத்து அடிக்கிறார்கள். வண்டி தாண்டிவிடுகிறது, அந்த அடியை ஃபோர்க்கும், அதை மேல் தகட்டோடு பிடிக்கும் நடு போல்ட்டும், பி.யூ. பூச்சின் ஒட்டும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு இருபது முறை என்றால் ஆறு மாதத்தில் எத்தனை அடி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இருப்பதிலேயே மலிவான திருத்தம் வண்டியில் இல்லை, வாசலில் இருக்கிறது. காடியின் மேல் 6 மி.மீ. தகடு ஒன்றை, இரு ஓரமும் சாய்வாக அரைத்து, ஷட்டர் இறங்கும்போது எடுத்து வைக்கும்படி கைப்பிடித் துளையோடு போடுங்கள். வழுக்காமலிருக்க அடியில் காடிக்குள் அமரும் இரண்டு ஆங்கிள் துண்டுகளைப் பற்றவைக்க வேண்டும். வெறும் தகடு சக்கரம் ஏறும்போது பின்னால் உதைத்துக்கொண்டு ஓடும். அடுத்த வண்டிக்கு 200 மி.மீ. சக்கரம் போடுங்கள். மேடை உயர்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

என் தவறு ஒன்றைச் சொன்னால் நடு போல்ட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்பது புரியும். 2011 மழைக்காலத்தில் ஒரு பணிமனைக்கு நான் செய்து கொடுத்த வண்டி, இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே இருந்த வாய்க்கால் மூடியின் விளிம்பில் இடித்தபோது முன் சக்கரம் ஒன்று அப்படியே மடங்கியது. மேலிருந்த அரை டன் வார்ப்பு முன்பக்கமாக வழுக்கி விழுந்தது. தள்ளியவர் பின்னால் இருந்ததால் தப்பினார்; முன்னால் நின்று இழுத்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு அமைதியாக எழுதியிருக்க மாட்டேன். சக்கரத்தைக் கழற்றி, உடைந்த நடு போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பேறி, வழுவழுப்பாக, சிப்பி ஓட்டின் வரிகளைப் போல் ஒரு மூலையிலிருந்து விரிந்த மெல்லிய கோடுகளோடு இருந்தது. மீதிப் பங்கு மட்டும் உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக மின்னியது. பழுப்புப் பகுதி பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துவந்தது. மின்னிய பகுதி மட்டுமே அன்றைக்கு உடைந்தது. அன்றைய எடை அந்தப் போல்ட்டை உடைக்கவில்லை, களைப்பு உடைத்தது. நட்டு தளர்ந்து ஃபோர்க் ஆடத் தொடங்கியபோதே அது எச்சரித்திருக்கிறது. கிரீஸும் அழுக்கும் மூடியிருந்ததால் எவரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி சொல்லாதவன் நான்.

ஆகவே இடித்து இடித்து ஓடும் வண்டிக்கு, நடு போல்ட் இல்லாமல் பெரிய குண்டுத்தட வளையமே ஃபோர்க்கைப் பிடித்துக்கொள்ளும் வகைச் சக்கரத்தைத் தேடி வாங்குங்கள். விலை கூடும். அது கிடைக்காவிட்டால் குறைந்தது டபுள் பால் ரேஸ் (இரட்டைக் குண்டுத்தடம்), கிரீஸ் நிப்பிள், அச்சில் 6204 போன்ற சீல் வைத்த பால் பேரிங் ஆகியவை இருக்கட்டும். அச்சுப் போல்ட்டின் மேல் வெறும் புஷ் ஓடும் வகையை 800 கிலோவுக்கு எடுக்க வேண்டாம்.

சக்கரத்தின் பொருளைப் பற்றிப் பலர் சண்டை போடுவார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ரப்பர் அமைதியாக ஓடும். ஆனால் பாரத்தோடு இரவெல்லாம் நின்றால் அடி தட்டையாகும், வெட்டு எண்ணெயில் ஊறி வீங்கும். நைலான் இலகுவாக உருளும், எண்ணெய்க்கு அஞ்சாது; தரையின் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே பேரிங்குக்கும் சரக்குக்கும் கடத்தும், சத்தமும் அதிகம். வார்ப்பிரும்புச் சக்கரம் சூடான இடத்துக்கு ஏற்றது, ஆனால் உங்கள் சிமெண்ட் தரையை அது தின்றுவிடும். வார்ப்பிரும்புக் குடத்தின் (சக்கரத்தின் நடுப் பாகம்) மேல் 92 முதல் 95 ஷோர் ஏ கடினத்தில் பி.யூ. வார்த்த சக்கரமே கடைசல் பணிமனைக்குப் பொதுவாகப் பொருந்தும். அதன் பலவீனம் கடைசல் சீவல்கள்: கூர்மையான சுருள் பூச்சுக்குள் புதைந்து, வெட்டை விரித்துக்கொண்டே போய், கடைசியில் பட்டையாக உரிக்கும். உங்கள் முதல் சக்கரம் இப்படிப் போயிருக்கலாம், அல்லது குடத்தோடு ஒட்டிய பிடிப்பு விட்டிருக்கலாம். உரிந்த துண்டு இன்னும் இருந்தால் அதன் உட்பக்கத்தையும் சக்கரத்தின் குடத்தையும் பாருங்கள்: பூச்சின் எச்சம் குடத்தில் ஆங்காங்கே ஒட்டியிருந்தால் பூச்சு கிழிந்திருக்கிறது, குடம் துடைத்துவிட்டது போல மொட்டையாக இருந்தால் ஒட்டு சரியில்லை, கடைக்காரரிடம் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பி.யூ. எத்தனை ஆண்டு வரும் என்று மட்டும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. பாலியெஸ்டர் வகை பி.யூ. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் மெல்ல நீரால் சிதைகிறது. பாலியீதர் வகை அதை நன்றாகத் தாங்கும். அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடி ஒரு நாள் மாவாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். பாலக்காட்டு ஜூன் மாதத்தில் கொட்டகைக்கு வெளியே நனையும் வண்டிக்கு இது சிறிய விஷயமல்ல. சக்கரம் வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், நெடுநாள் கிடந்த சரக்கை வாங்காமல் புதிதாக வந்ததை வாங்குங்கள். விரல் நகத்தை அழுத்தி எடுத்தால் குழி மீண்டு வர வேண்டும்.

சக்கரத்தைச் சட்டத்தில் பிடிக்கும் இடத்தைத்தான் நான் மிகக் கவனமாகச் செய்வேன். முதல் வண்டியில் சக்கரத் தகட்டை நேரடியாகப் பைப்பில் பற்றவைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படித்தான் தெரிகிறது. அப்படிச் செய்யாதீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்க்காய்ச்சல் போல் நடுக்கம் வரும். சூடு குண்டுத்தடத்தின் கிரீஸை எரித்துத் தடத்தையும் கெடுக்கும். அதைவிட, உடைந்த சக்கரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் அறுக்க வேண்டியிருக்கும். நான்கு மூலையிலும் 10 மி.மீ. தகடு ஒன்றைச் சட்டத்தில் பற்றவைத்து, அதில் சக்கரத் தகட்டை 8.8 தரத்து எம்12 போல்ட்டால், நைலாக் நட்டும் கனமான வாஷரும் போட்டு இறுக்குங்கள்; சக்கரத் தகட்டின் துளை சிறியதானால் எம்10. எம்12க்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கம் கொடுக்கலாம். எக்காரணம் கொண்டும் போல்ட்டைச் சதுரப் பைப்பின் இரு சுவரையும் ஊடுருவி இறுக்க வேண்டாம், 3 மி.மீ. சுவர் உள்ளே குழிந்துகொண்டே போகும், இறுக்கம் ஒருநாளும் நிற்காது. வேறு வழியே இல்லையென்றால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைத் தாங்கலாகச் செருகிவிட்டு இறுக்குங்கள்.

இந்த மூலைத் தகட்டைப் பைப் ஓரத்தோடு நிறுத்தாமல், நெடும் பைப்பும் குறுக்குப் பைப்பும் சேரும் மூலையை முழுவதும் தழுவும்படி வெட்டினால், சக்கரத்தின் பக்கவாட்டு உதை ஒரு வெல்டிங்கில் விழாமல் இரண்டு பைப்புகளுக்கும் பரவும். வெல்டிங்கைச் சரியாகத் தகட்டின் மூலைமுனையில் தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம். முனையைச் சுற்றித் தொடர்ச்சியாகப் போட்டு, சற்றுத் தள்ளி முடியுங்கள். விரிசல்கள் பெரும்பாலும் வெல்டிங் முடியும் குழியிலிருந்தே பிறக்கின்றன. 6013 வெல்டிங் ராடு போதும். 7018 போடுகிறீர்கள் என்றால் அதைச் சுட்டுக் காயவைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதன் சிறப்பு பாதி போய்விடும். முதலில் எல்லா இடத்திலும் டேக் மட்டும் வைத்து, குறுக்குமூலை அளவு இரண்டும் 2 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கின்றனவா என்று டேப்பில் பார்த்துவிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழு வெல்டிங் செய்யுங்கள். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டம் புதிய வண்டியிலேயே மூன்று சக்கரத்தில் நிற்கும். பைப் முனைகளை மூடுங்கள், ஆனால் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள். மழைநீர் உள்ளே போகத்தான் போகிறது, வெளியேற வழி வேண்டும்.

சக்கரங்களின் அமைப்பில் எனக்குத் தயக்கமே இல்லை: கைப்பிடிப் பக்கம் திரும்பும் சக்கரங்கள் இரண்டு, எதிர்ப்பக்கம் திரும்பாதவை இரண்டு. நான்கும் திரும்பினால் காலி வண்டி குறுகிய இடத்தில் அழகாகச் சுழலும். 800 கிலோவோடு நேராகப் போகச் சொன்னால் நண்டு போல் பக்கவாட்டில் ஓடும், சாய்வில் யார் பேச்சையும் கேட்காது.

மேடை உயரத்துக்கு வருகிறேன். 200 மி.மீ. சக்கரம் போட்டால் மேடை 300 மில்லிமீட்டருக்கு அருகே வரும். கவிழ்வது மேடை உயரத்தால் அல்ல, மொத்தச் சுமையின் புவியீர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால். சக்கரங்களுக்கிடையே 600 மி.மீ. அகலம், மையம் 900 மி.மீ. உயரத்தில் என்றால், காகிதத்தில் 18 பாகை வரை சாய்ந்தால்தான் கவிழும். ஆனால் திரும்பும் சக்கரம் தன் நடு அச்சிலிருந்து 40, 45 மி.மீ. தள்ளி நிற்கிறது, அது உள்பக்கம் திரும்பிய கணத்தில் அரை அகலம் 300லிருந்து 255 ஆகச் சுருங்கி, பாகை 16க்கும் கீழே போகிறது. ஒரு பக்கம் வாய்க்கால் மூடியில் இறங்கி, அதே நேரத்தில் வண்டியைத் திருப்பினால் இந்தப் பாகை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே சக்கரங்களை மேடையின் ஓரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், உயரமான வார்ப்பைப் படுக்கவைத்து ஏற்றுங்கள். இழுப்பறை வைத்த கருவி வண்டி செய்வதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறைதான் திறக்கும்படி பூட்டுக்கம்பி வைப்பது அலங்காரமல்ல. எல்லாவற்றையும் ஒரே பக்கம் திறந்தால் மையம் சக்கரக்கோட்டுக்கு வெளியே போய்விடும்.

பிரேக்கைப் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. சக்கரத்தில் காலால் மிதிக்கும் பிரேக் நிறுத்திய வண்டியை நிறுத்திவைப்பதற்கு மட்டுமே. ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைக்க அல்ல. 900 கிலோ வண்டி விநாடிக்கு 1 மீட்டர் நடை வேகத்தில் போகும்போது அதை அரை மீட்டருக்குள் நிறுத்தச் சுமார் 90 கிலோ விசை வேண்டும். 12க்கு 1 சாய்வில் அதை வெறுமனே பிடித்து வைத்திருக்கவே 75 கிலோ விசை வேண்டும். 50க்கு 1 சாய்வில்கூட, அதாவது கண்ணுக்கே தெரியாத சாய்வில், 18 கிலோ. மட்டமான நல்ல தரையில் உருளத் தேவைப்படும் விசை ஏறத்தாழ எடையில் நூற்றுக்கு இரண்டு, அதுவும் 18 கிலோதான். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு வழிகாட்டுதல் ஓர் ஆணுக்கு வண்டியைக் கிளப்ப 20 கிலோ, ஓடிக்கொண்டே வைத்திருக்க 10 கிலோ விசை என்பதை முதல்நிலை எல்லையாகக் கொள்கிறது, பெண்ணுக்கு 15, 7. நம் நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவும், காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ எவரையும் வேலைக்கு வைக்கலாகாது என்றே சொன்னது. ஆகவே முழுப் பாரத்தோடு உங்கள் வண்டி மட்டத் தரையில் இரண்டு பேர் வண்டி. சாய்வில் அது மனிதர்கள் தள்ளும் வண்டியே அல்ல, வின்ச் வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சேர்க்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வரும் காற்று, நிமிர்த்தி அடுக்கிய 2 சதுர மீட்டர் தகட்டின் மேல் சுமார் 18 கிலோ விசையோடு தள்ளும். மேலே சொன்ன உருளும் விசையும் அதே அளவுதான். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. ஆடி மாதத்தில் கொட்டகைக்கு வெளியே பிரேக் போடாமல் விட்ட தகட்டு வண்டி தானாகப் பத்தடி நகர்ந்து லாரியின் கதவில் சாய்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சக்கரத்தையும் அதன் திரும்புதலையும் சேர்த்துப் பூட்டும் வகைப் பிரேக்கைக் கைப்பிடிப் பக்கத்து இரு சக்கரங்களிலும் போடுங்கள். இயந்திரத்தின் அருகில் நிறுத்தி வார்ப்பை ஏற்றி இறக்குவதற்கு, மிதித்தால் ரப்பர் அடிக்கால் இறங்கித் தரையைப் பற்றும் பூட்டு ஒன்று இன்னும் நல்லது.

கைப்பிடி 950 முதல் 1050 மி.மீ. உயரத்தில், 32 மி.மீ. உருளைக் குழாயில், வண்டியின் அகலத்தைவிட இரு பக்கமும் ஓர் உள்ளங்கை அளவு உள்ளே தள்ளி இருக்கட்டும். அகலத்துக்குச் சமமாக வைத்தால் கதவுச் சட்டத்தில் முதலில் இடிபடுவது விரல் மூட்டுகள்தான். கீழே சக்கரங்களுக்கு முன்னால் தரையிலிருந்து 20 மி.மீ. விட்டு ஒரு தகட்டுக் காப்பு வைத்தால் கால் விரல் சக்கரத்துக்கு அடியில் போகாது, சீவல்களையும் அது ஒதுக்கும். மேடையைச் சுற்றி 25 மி.மீ. உயர விளிம்பு, அதன் மேல் பழைய கன்வேயர் பெல்ட் வெட்டி விரித்த விரிப்பு. வழுக்கும் வார்ப்புக்கு இதைவிட மலிவான மருந்து நான் அறியவில்லை. உருண்டை வார்ப்புகளுக்கு மரத்தில் வி கட்டைகள் இரண்டு செய்து வண்டியோடேயே சங்கிலியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை அடுத்த வாரம் வேறு எங்காவது கதவுக்கு முட்டாக இருக்கும்.

செய்து முடித்ததும் 1000 கிலோ ஏற்றி, அதாவது ஏற்றப்போகும் எடையில் கால் பங்கு கூட்டி, ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். இறக்கியபின் குறுக்குமூலை அளவுகளும் நடுத் தொய்வும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதன்பின் மெதுவாகக் காடித் தகட்டின் மேல் பத்து முறை ஓட்டி, மூலை வெல்டிங்குகளைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். பூச்சும் பிசிறும் அமுங்கி முதல் வாரத்தில் இறுக்கம் குறைவது வழக்கம். பிறகு மாதம் ஒரு முறை வண்டியைச் செயின் பிளாக்கில் தூக்கி, திரும்பும் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுழற்சியில் சிறு ஆட்டம் இருக்கலாம். ஃபோர்க் தன் தகட்டிலிருந்து விலகி மேலும் கீழும் ஆடினால் அந்தச் சக்கரத்தை அன்றே மாற்றுங்கள்.

எடை எழுதும் பலகையில் "800 கிலோ, மட்டத் தரை, இரண்டு பேர்" என்று மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுதி, எண்ணை மட்டும் ஒரு சாண் உயரத்துக்குப் பெரிதாக வரைந்துவிடுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்திருப்பார்கள், எண்ணும் இரண்டு மனித உருவங்களும் அவர்களுக்குப் போதும். ஷட்டர் காடியின் அகலம், ஆழம், உரிந்த பூச்சின் உட்பக்கப் படம் ஆகிய மூன்றையும் அனுப்பினால், 150 மி.மீ. சக்கரத்திலேயே சமாளிக்கலாமா என்பதை உங்கள் அளவுகளை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.